'என்கரேஜ்' என்ற சொல்லை ஆங்கில வசனத்தில் வடிவாகப் பயன்படுத்துவது எப்படி: வன்னியிலிருந்து ஒரு முழுமையான வழிகாட்டி

தை, மாசி மாதங்களில் வன்னியில் எந்தப் பள்ளிக்கூட மைதானத்துக்குப் போனாலும் இந்தச் சொல் காதில் விழும். இல்ல மெய்வல்லுநர் போட்டிக்குப் பெயர் கொடுக்கப் பிள்ளை பின்னடிக்கும். "ரீச்சர், நீங்கள்தான் கொஞ்சம் என்கரேஜ் பண்ண வேணும்" என்று தாய் சொல்லுவா. தனக்கு ஆங்கிலமே தெரியாது என்று சொல்லுகிற அம்மாமாரின் வாயிலும் அது தமிழ்ச் சொல்லைப் போலத்தான் வருகிறது. அதே சொல்லை ஒரு ஆங்கில வசனத்துக்குள் வைக்கச் சொன்னால் மட்டும் பேனை நின்றுவிடும்.

கிளிநொச்சிக்குத் தெற்கே, ஏ9 வீதியிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளியிருக்கும் கிராமம் ஒன்றில் பின்னேரங்களில் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். ஓஎல் (சாதாரண தரப்) பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகள் வருவார்கள். வேலைக்கு விண்ணப்பம் எழுதப் பெரியவர்களும் வருவார்கள். அப்படி வந்த ஒரு அக்கா, கலியாணத்துக்குப் பிறகு திரும்பப் படிக்கத் தொடங்கியவ, தன்னைப் பற்றி எழுதிய பந்தியில் இப்படி ஒரு வசனம் இருந்தது:

மை ஹஸ்பண்ட் கிவ் என்கரேஜ் டு மீ ஃபோர் ஸ்டடி.

சொல்ல வந்தது முழுவதும் இதில் இருக்கிறது. யார், யாரை, எதற்காக என்ற மூன்றும் இருக்கின்றன. பிழைகளும் எழுந்தமானமாக வந்தவை அல்ல. ஒவ்வொரு பிழையும் தமிழிலிருந்து நேராக வந்தது. அதனால்தான் எங்கள் பக்கத்தில் நூறு பேர் எழுதினால் தொண்ணூறு பேர் இதே பிழைகளைத்தான் விடுவார்கள். இந்த ஒரு வசனத்தைப் படிப்படியாகத் திருத்திக்கொண்டு போனாலே சொல் கைக்குள் வந்துவிடும்.

ஆங்கில வசனங்களைத் தமிழ் எழுத்தில் தருகிறேன். முதலில் வாய்விட்டுச் சொல்லுங்கள். பிறகு கொப்பியில் ஆங்கில எழுத்தில் எழுதுங்கள்.

முதற்படி: வாயைத் திருத்துங்கள்

நாங்கள் 'என்கரேஜ்' என்கிறோம், 'ரே'யை நன்றாக இழுத்து. ஆங்கிலத்தில் இது மூன்று அசை: இன், க, ரிஜ். பலம் முழுவதும் நடுவில் உள்ள 'க'வுக்குத்தான். கடைசி அசை குறுகிப் போகும். 'கொலிஜ்', 'விலிஜ்' என்று சொல்லும்போது முடிகிற மாதிரித்தான் இதுவும் முடியும். இனி ஆங்கில வசனம் வரும் இடங்களில் 'இன்கரிஜ்' என்றே எழுதுகிறேன்.

இறந்த காலத்தில் 'இன்கரிஜ்ட்'. கடைசியில் மெல்லிய ஒரு 'ட்' ஒட்டும், அவ்வளவுதான். 'இன்கரிஜெட்' என்று புது அசை போடக் கூடாது. அவர், அவள், அது என்று வரும்போது 'இன்கரிஜிஸ்'. இங்கேதான் ஒரு அசை கூடும். இதை மாற்றிச் செய்பவர்கள் அதிகம், ஆகவே இரண்டையும் பத்துத் தரம் மாறி மாறிச் சொல்லிப் பாருங்கள்.

எழுத்துக்கள் ஒன்பது: ஈ, என், சி, ஓ, யூ, ஆர், ஏ, ஜி, ஈ. பாடமாக்க ஒரு சுலபமான வழி உண்டு. துணிவு என்ற பொருளில் 'கரிஜ்' என்று ஒரு சொல் இருக்கிறது. அதன் முன்னால் ஈ, என் இரண்டையும் வைத்தால் எங்கள் சொல் வந்துவிடும்.

இரண்டாம் படி: சொல்லுக்குள் என்ன இருக்கிறது

இது பிரெஞ்சு வழியாக, 15ஆம் நூற்றாண்டளவில் ஆங்கிலத்துக்கு வந்த சொல். 'கரிஜ்' என்ற பகுதியின் வேர் லத்தீனில் இதயத்தைக் குறிக்கும் 'கோர்'. முன்னால் இருக்கும் 'இன்' உள்ளே வைப்பதைக் குறிக்கிறது. ஒருவருடைய நெஞ்சுக்குள் துணிவை வைப்பது என்று எடுத்துக்கொள்ளுங்கள். நாங்களும் துணிந்தவரை 'நெஞ்சுரம் உள்ளவர்' என்றுதானே சொல்லுகிறோம். இந்தப் படத்தை மனதில் வைத்திருங்கள், நான்காம் படியில் வேண்டியிருக்கும்.

மூன்றாம் படி: வசனத்தின் எலும்பு

இங்கேதான் நிறைய நேரம் செலவழிக்க வேண்டும். மற்றப் படிகள் எல்லாம் மறந்துபோனாலும் இது ஒன்று நினைவில் நின்றால் போதும்.

யார், இன்கரிஜ், யாரை, டு, என்ன செய்ய.

இதுதான் ஒழுங்கு. இதில் ஒன்றும் இடம் மாறாது.

மை ரீச்சர் இன்கரிஜ்ட் மீ டு ரன்.
ரீச்சர் என்னை ஓடச் சொல்லி ஊக்கப்படுத்தினா.

மை கிராண்ட்மதர் இன்கரிஜிஸ் அஸ் டு ரீட்.
அம்மம்மா எங்களை வாசிக்கச் சொல்லி ஊக்கப்படுத்துவா.

வீ இன்கரிஜ்ட் ஹேர் டு அப்ளை.
நாங்கள் அவவை விண்ணப்பிக்கச் சொல்லித் தெம்பு கொடுத்தோம்.

தமிழில் செயல் முன்னுக்கு வரும், ஊக்கப்படுத்தியது கடைசியில் வரும். ஆங்கிலத்தில் அது தலைகீழ். தமிழ் வசனத்தை மனதில் சொல்லி, ஆளைச் சொன்ன கையோடு வாலைப் பிடித்து இழுங்கள்: ரீச்சர், ஊக்கப்படுத்தினா, என்னை, ஓட. இப்படி நான்கு துண்டாகச் சொல்லிப் பழகிய பிள்ளைகள் இரண்டு வாரத்தில் யோசிக்காமல் எழுதுகிறார்கள்.

இனி அந்த அக்காவின் வசனத்துக்கு வருவோம்.

முதற் பிழை 'கிவ் என்கரேஜ்'. தமிழில் 'ஊக்கம் கொடுத்தார்', 'என்கரேஜ் பண்ணினார்' என்று ஒரு வினையைத் துணைக்குக் கூப்பிடுகிறோம். ஆங்கிலத்தில் இந்தச் சொல்லே வினை. அதற்குக் கொடுக்கவும் வேண்டாம், பண்ணவும் வேண்டாம். 'கிவ்'வை வெட்டிவிடுங்கள். நடந்து முடிந்த காரியம் என்பதால் 'இன்கரிஜ்ட்' ஆக்குங்கள்.

இரண்டாவது 'டு மீ'. 'எனக்கு ஊக்கம் கொடுத்தார்' என்பதில் உள்ள 'கு' உருபுதான் இப்படி 'டு'வாக வந்து ஒட்டிக்கொள்கிறது. தமிழ் வசனத்தை 'என்னை ஊக்கப்படுத்தினார்' என்று மாற்றிக்கொண்டு மொழிபெயர்த்தால் இந்தப் பிழையே வராது. மீ, ஹிம், ஹேர், அஸ், தெம் எல்லாம் வினையோடு நேரே ஒட்டி நிற்கும். இடையில் ஒன்றும் வராது.

மூன்றாவது 'ஃபோர் ஸ்டடி'. 'படிப்புக்கு', 'படிக்கிறதுக்கு' என்ற நினைப்பில் வருகிறது. அந்த இடத்தில் 'டு ஸ்டடி'. 'டு'வுக்குப் பிறகு வினை பிறந்த மேனியாக நிற்கும். ஊக்கப்படுத்தியது நேற்று நடந்தாலும் 'டு ஸ்டடி'தான். 'டு ஸ்டடீட்' என்றோ 'டு ஸ்டடியிங்' என்றோ எழுதக் கூடாது. காலத்தைக் காட்டும் வேலை இன்கரிஜ் என்ற சொல்லுடையது. ஒரு வசனத்தில் இரண்டு பேர் அந்த வேலையைப் பார்க்கத் தேவையில்லை.

எல்லாம் சேர்த்துத் திருத்தினால்:

மை ஹஸ்பண்ட் இன்கரிஜ்ட் மீ டு ஸ்டடி.

எட்டுச் சொல் ஆறாகக் குறைந்துவிட்டது. அக்கா இதைப் பார்த்துவிட்டு "இவ்வளவுதானோ?" என்று கேட்டா. இவ்வளவுதான்.

ஒன்றைச் செய்யாமல் இருக்கச் சொல்லுவதென்றால் 'டு'வுக்கு முன்னால் 'நாட்' போடுங்கள். 'ஷீ இன்கரிஜ்ட் ஹிம் நாட் டு கிவ் அப்.' விட்டுவிடாதே என்று அவனைத் தேற்றினா.

நான்காம் படி: இந்தச் சொல் எதைச் சொல்லவில்லை

மை மதர் இன்கரிஜ்ட் மை பிரதர் டு சிட் த எக்ஸாம் எகெய்ன்.

தம்பி திரும்பப் பரீட்சை எழுதினானா? இந்த வசனத்தை வைத்துச் சொல்ல முடியாது. அம்மா அவன் நெஞ்சில் தெம்பை வைத்தா, எழுதுவதும் விடுவதும் அவன் கையில். அவன் இணங்கிவிட்டான் என்று காட்ட வேண்டுமானால் 'பெர்சுவேடட்'. விருப்பமில்லாதவனை இழுத்துக்கொண்டு போய் இருத்தினா என்றால் 'ஃபோர்ஸ்ட்'. எது நல்லது என்று எடுத்துச் சொன்னதோடு சரி என்றால் 'அட்வைஸ்ட்'.

எங்கள் பேச்சிலும் இந்த வேறுபாடு இருக்கிறது. புத்தி சொல்லுவது வேறு, தட்டிக்கொடுப்பது வேறு, கரைச்சல் கொடுத்துச் செய்விப்பது வேறு. இன்கரிஜ் தட்டிக்கொடுக்கிற சொல். கேட்பவரிடம் ஏற்கெனவே ஒரு ஆசை இருக்கும், துணிவுதான் கொஞ்சம் குறையும். அந்த இடத்துக்கு இதைவிடப் பொருத்தமான சொல் ஆங்கிலத்தில் இல்லை என்பது என் எண்ணம். 2009இல் போர் முடிந்த பிறகு எல்லாவற்றையும் வெறுங்கையோடு திரும்பத் தொடங்கிய ஊர்கள் இவை. யாரோ ஒருவர் 'நீ செய்வாய், செய்' என்று சொன்னதால் தையல் மெஷின் முன் இருந்தவர்கள், மாடு வாங்கியவர்கள், பாதியில் விட்ட படிப்பைத் தொடர்ந்தவர்கள் ஒவ்வொரு ஊரிலும் இருக்கிறார்கள். நேர்முகத் தேர்வில் உங்கள் கதையைச் சொல்லும்போது இந்தச் சொல்லை அளந்து போடுங்கள். 'மை ஃபாதர் ஃபோர்ஸ்ட் மீ' என்று தவறிச் சொன்னால் நல்ல தகப்பன் ஒருவர் கேட்பவர் மனதில் கொடியவராகிவிடுவார். வகுப்பில் ஒரு பிள்ளை உண்மையாகவே அப்படி எழுதியிருந்தது.

ஐந்தாம் படி: ஆள் இல்லாமலும் வரும்

ஒருவரைக் குறிப்பிடாமல் ஒரு காரியத்தை வளர்ப்பது, பெருகவிடுவது என்ற பொருளிலும் இன்கரிஜ் வரும். அப்போது 'டு' வராது. நேரே பெயர்ச்சொல் வரும், அல்லது 'இங்' போட்ட வினை வரும்.

அவர் ஸ்கூல் இன்கரிஜிஸ் ரீடிங்.
எங்கள் பள்ளிக்கூடம் வாசிப்பை ஊக்குவிக்கிறது.

வன்னிக்குப் பொருந்துகிற ஒரு உதாரணம் எடுப்போம். காலபோக வெள்ளாமை பெரும்பாலும் மாரி மழையிலேயே விளைந்துவிடும். சிறுபோகத்துக்கு இரணைமடுக் குளத்தில் எவ்வளவு தண்ணீர் நிற்கிறது என்று பார்த்துத்தான் எவ்வளவு வயல் விதைப்பது என்று கூட்டத்தில் தீர்மானிப்பார்கள். தண்ணீர் குறைவென்றால் நெல்லை விட்டுப் பயறு, உளுந்து போடச் சொல்லுவார்கள். இதை இரண்டு விதமாகவும் எழுதலாம்.

த ஆபிசர் இன்கரிஜ்ட் ஃபார்மர்ஸ் டு குரோ கிரீன் கிராம்.
த ஆபிசர் இன்கரிஜ்ட் குரோயிங் கிரீன் கிராம்.

முதலாவதில் கமக்காரர் இருக்கிறார்கள், ஆகவே 'டு குரோ'. இரண்டாவதில் ஆள் இல்லை, ஆகவே 'குரோயிங்'. இரண்டையும் கலந்து 'இன்கரிஜ்ட் ஃபார்மர்ஸ் குரோயிங்' என்று எழுதுவதுதான் வழக்கமாக நடக்கும் பிழை.

கெட்டது பெருகுவதற்கும் இதே சொல்தான். 'ஸ்டாண்டிங் வாட்டர் இன்கரிஜிஸ் மஸ்கீட்டோஸ்.' தேங்கிய தண்ணீர் நுளம்பைப் பெருக்கும். மழைக்காலத்தில் பீஎச்ஐ (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) வீடு வீடாக வந்து சிரட்டையையும் ரயரையும் கவிழ்க்கச் சொல்லுவது இதனால்தான். வீட்டுப் பேச்சில் 'டோன்ட் இன்கரிஜ் ஹிம்' என்றால் 'அவனை ஏத்திவிடாதை' என்று பொருள். குழப்படி செய்கிற பிள்ளையைப் பார்த்து மாமா சிரித்தால், அம்மா மாமாவுக்குச் சொல்லுகிற வசனம் அது.

ஆறாம் படி: விளம்பரங்களில் வரும் வடிவம்

கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் தொண்டு நிறுவனங்களின் வேலை விளம்பரங்களை எடுத்துப் பார்த்தால் அடியில் பெரும்பாலும் இந்த வரி நிற்கும்:

விமன் ஆர் இன்கரிஜ்ட் டு அப்ளை.

இந்த வரியைப் பிழையாக விளங்கி விண்ணப்பிக்காமல் விட்டவர்களை எனக்குத் தெரியும், ஆகவே நின்று சொல்லுகிறேன். ஒரு தம்பி இது பெண்களுக்கு மட்டுமான வேலை என்று நினைத்து விட்டுவிட்டான். ஒரு தங்கச்சி, பெண்ணென்றால் கட்டாயம் தருவார்கள் என்று நம்பிப் பாதிப் படிவத்தை வெறுமையாக அனுப்பினாள். இரண்டும் சரியில்லை. 'பெண்கள் தயங்காமல் விண்ணப்பியுங்கள், உங்கள் விண்ணப்பத்தை விரும்பி எதிர்பார்க்கிறோம்' என்பதுதான் இதன் பொருள். ஆண்களும் விண்ணப்பிக்கலாம். தகுதி எல்லாருக்கும் வேண்டும். மாற்றுத்திறனாளிகளைப் பற்றியும் இதே அமைப்பில் ஒரு வரி வரும். 'ஸ்ட்ராங்லி இன்கரிஜ்ட்' என்று இருந்தால் இன்னும் அழுத்திக் கூப்பிடுகிறார்கள். கண்ணிவெடி அகற்றும் வேலைக்கு வன்னிப் பெண்கள் எத்தனையோ பேர் போய்க் குடும்பத்தை நிமிர்த்தியிருக்கிறார்கள். எந்த வேலையானாலும் இந்த வரியைக் கண்டால் பின்வாங்க வேண்டாம், பிள்ளைகள்.

இது செயப்பாட்டு வினை. யார் ஊக்கப்படுத்துகிறார்கள் என்று சொல்லத் தேவையில்லாத இடத்தில் 'ஆர் இன்கரிஜ்ட் டு' வரும். அறிவித்தல்களில் இது மரியாதையான வேண்டுகோள், கட்டளை அல்ல. கட்டளை என்றால் 'மஸ்ட்' என்று இருக்கும். 'ஸ்டூடன்ட்ஸ் ஆர் இன்கரிஜ்ட் டு ஆஸ்க் குவெஸ்சன்ஸ்' என்றால் கேள்வி கேளுங்கள், வரவேற்கிறோம் என்று அர்த்தம். கிளிநொச்சி அறிவியல் நகரில் இருக்கும் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பொறியியல் பீடத்தில் படிப்பு ஆங்கிலத்தில்தான். ஏஎல் (உயர்தரம்) வரை தமிழில் படித்துவிட்டு அங்கே போய் இருக்கும் பிள்ளைக்கு, எது கட்டளை, எது அழைப்பு என்ற இந்தச் சின்ன வித்தியாசம் முதல் வாரத்திலேயே தேவைப்படும்.

ஏழாம் படி: உறவுக்காரச் சொற்கள்

சுருக்கமாகப் பார்த்துவிடலாம். 'இன்கரிஜிங்' என்பது தெம்பு தருகிற பொருளுக்கோ செய்திக்கோ பொருந்தும்: 'யுவர் மார்க்ஸ் ஆர் இன்கரிஜிங்.' 'இன்கரிஜ்ட்' என்பது தெம்பு பெற்ற ஆளுக்கு: 'ஐ ஆம் இன்கரிஜ்ட் பை யுவர் வேர்ட்ஸ்.' தெம்பு வந்துவிட்டது என்று சொல்ல நினைத்து 'ஐ ஆம் இன்கரிஜிங்' என்று எழுதினால், நீங்கள் யாருக்கோ தெம்பு கொடுத்துக்கொண்டிருக்கிறீர்கள் என்று ஆகிவிடும்.

பெயர்ச்சொல் 'இன்கரிஜ்மென்ட்'. பொதுவாக இதற்குப் பன்மை இல்லை, 'மெனி' போட வேண்டாம். 'தாங்க் யூ ஃபோர் யுவர் இன்கரிஜ்மென்ட்' என்பது எந்த நன்றிக் கடிதத்துக்கும் பொருந்தும். 'இங்' சேரும்போது கடைசி ஈ விழுந்துவிடும், 'மென்ட்' சேரும்போது விழாது.

எதிர்ச்சொல் 'டிஸ்கரிஜ்'. இது சோர்வடையச் செய்வது, வேண்டாம் என்று மனதைத் திருப்புவது. அமைப்பு மாறுவதைக் கவனியுங்கள். இதற்கு 'டு' இல்லை, 'ஃப்ரம்' வரும், வினைக்கு 'இங்' வரும்.

த லாங் பஸ் ஜேர்னி டிஸ்கரிஜ்ட் ஹேர் ஃப்ரம் கோயிங் டு கிளாஸ்.
பஸ்ஸில் நெடுந்தூரம் போகவேண்டியிருந்ததால் வகுப்புக்குப் போக அவளுக்கு மனம் வரவில்லை.

எட்டாம் படி: நேருக்கு நேர் ஊக்கப்படுத்தும்போது

இதைப் பல பாடப் புத்தகங்கள் சொல்லித் தருவதில்லை. ஓடுகிற பிள்ளைக்கு வேலிக் கரையில் நின்று 'ஐ இன்கரிஜ் யூ' என்று யாரும் கத்துவதில்லை. தமிழிலும் 'நான் உன்னை ஊக்கப்படுத்துகிறேன்' என்று கத்தமாட்டோம். 'விடாதை, ஓடு ஓடு' என்றுதான் சொல்லுவோம். இன்கரிஜ் என்பது அந்தச் செயலின் பெயர். பிறகு கதை சொல்லும்போது வரும். அந்த நேரத்தில் வாயில் வர வேண்டியவை வேறு.

'விடாதை, போ' என்பதற்கு 'கீப் கோயிங்'. 'உன்னால் ஏலும்' என்பதற்கு 'யூ கேன் டூ இட்'. 'மனம் விடாதை' என்பதற்கு 'டோன்ட் கிவ் அப்'. 'ஒருக்காச் செய்து பாரன்' என்பதற்கு 'கிவ் இட் எ ட்ரை'. பரீட்சைக்குப் போகிற பிள்ளைக்கு 'யூ வில் பி ஃபைன்'.

'ஐ இன்கரிஜ் யூ டு' என்று தொடங்கும் வசனம் மேடைக்கும் கடிதத்துக்கும் உரியது. அதிபர் பரிசளிப்பு விழாவில் 'ஐ இன்கரிஜ் ஆல் பேரன்ட்ஸ் டு ரீட் வித் தெயர் சில்ட்ரன்' என்று பேசினால் பொருத்தமாக இருக்கும். சிநேகிதிக்கு வட்சப்பில் அனுப்பினால் அறிவித்தல் மாதிரித் தெரியும்.

ஒன்பதாம் படி: ஒரு கிழமைப் பழக்கம்

நாளுக்கு இரண்டு வசனம் போதும், ஆனால் உங்கள் வீட்டைப் பற்றி, உண்மையாக நடந்ததைப் பற்றி எழுதுங்கள். முதல் மூன்று நாளும் மூன்றாம் படியின் எலும்பு மட்டும்: உங்களை ஊக்கப்படுத்தியவர்கள், நீங்கள் ஊக்கப்படுத்தியவர்கள். நாலாம் நாள் ஒரு விளம்பர வரி. ஐந்தாம் நாள் 'டிஸ்கரிஜ்'. ஆறாம் நாள் பழைய வசனங்களை எடுத்து 'கிவ்', 'டு மீ', 'ஃபோர்' மூன்றும் எங்காவது ஒளிந்திருக்கின்றனவா என்று சிவப்புப் பேனையால் தேடுங்கள். தேடினால் ஒன்றாவது அகப்படும்.

ஏழாம் நாள், எழுதியவற்றில் ஒரு வசனத்தை எடுத்து, அது யாரைப் பற்றியதோ அவருக்கு வாசித்துக் காட்டுங்கள்.

அந்த அக்காவும் வாசித்துக் காட்டினா. மனுசன் லாண்ட் மாஸ்டர் உழவு மெஷினைக் கழற்றிப் போட்டுத் திருத்திக்கொண்டு இருந்தாராம். "என்ன அது?" என்று கேட்டாராம். "நீங்கள் என்னைப் படி படி எண்டு சொன்னதைத்தான் இங்கிலீசில எழுதியிருக்கிறன்" என்றாவாம் இவ. அவர் கையைத் துணியில் துடைத்துவிட்டு, "இன்னொருக்கா வாசி" என்றாராம்.